மகாராணி சிரிக்கும் இடம்

ஐந்து வயதைத் தாண்டாது என்று சொன்ன டாக்டர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகாராணி போய் மூன்று வாரம்தான் ஆகிறது. பதினேழு வயது வரை இருந்துவிட்டுப் போனாள். அந்த டாக்டர் உயிரோடு இருந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அம்மாக்காரிக்கு ஒரு குறை உண்டு.

மகாராணி என்பது வைத்த பெயர் இல்லை. வைத்த பெயர் ஆஸ்பத்திரி அட்டையோடு நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாமல், சாப்பாடு, குளியல், மற்ற சமாசாரங்கள் எல்லாவற்றையும் படுத்த இடத்திலேயே இரண்டு ஆட்களை வைத்து நடத்திக்கொண்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பேச்சு கிடையாது. கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். கழுத்து நிற்காது. வயிற்றில் ஒரு குழாய், அது வழியாகத்தான் ஆகாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். எடை முப்பத்தோரு கிலோ. அம்மாக்காரியின் இரண்டு முழங்கால்களும் அந்த முப்பத்தோரு கிலோவைத் தூக்கித் தூக்கித்தான் போயின.

அம்மாக்காரிக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் மாலை ஷிப்டு. அப்பாக்காரன் பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற மெக்கானிக், அவனுக்குக் காலை ஷிப்டு. மத்தியானம் இரண்டேகாலுக்கு அவன் வந்து மணியை அடிப்பான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கதவைத் திறப்பாள். "குடிச்சா. வெளிக்குப் போயிட்டா. சளி ரெண்டு தரம் எடுத்தேன். வலது பக்கம் படுத்திருக்கா." அவ்வளவுதான் பேச்சு. அவன் உள்ளே, அவள் வெளியே. வேலை முடிந்து அவள் வந்து மணியடித்தால் அவன் அதே நாலு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போவான். பதினேழு வருஷத்துத் தாம்பத்தியம் பெரும்பாலும் அந்த வாசற்படியில்தான் நடந்தது.

மீதி, திட்டுவதில் நடந்தது.

அது தொடங்கியது மகாராணிக்கு மூன்று வயது இருக்கும்போது. இருவரும் மூன்று நாள் கண்ணை மூடாமல் இருந்த பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில், அப்பாக்காரன் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அம்மாக்காரி அவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையில் தொடங்கி, மூளைக்கு ஏறி, அவன் வம்சத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எருமைமாடு" என்று முடித்தாள். அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஒரு விக்கல். பிறகு தோள் குலுங்கியது. பிறகு தொண்டையிலிருந்து கரகரவென்று ஏதோ கிளம்பியது. வலிப்பு என்று நினைத்து இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடினார்கள். வலிப்பு இல்லை. பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறந்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் அம்மாக்காரி பாடிப் பார்த்தாள், டப்பாவைத் தட்டிப் பார்த்தாள், ரேடியோ வைத்துப் பார்த்தாள். மகாராணி மசியவில்லை. மெல்லிய குரலில் திட்டிப் பார்த்தாள், அதற்கும் பலன் இல்லை. அப்பனைத்தான் திட்ட வேண்டும், தெருமுனை வரை கேட்க வேண்டும், நீளமாக இருக்க வேண்டும், கடைசியில் எருமைமாடு வர வேண்டும். 'எரு' என்னும்போதே தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். சிரித்தால் எச்சில் புரையேறும். புரையேறினால் மெஷினைப் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும், கால் மணி நேர வேலை. போனால் போகிறது என்று இருவரும் அதைச் செய்தார்கள்.

அன்றிலிருந்து தினம், காலையில் அவன் டிப்போவுக்குக் கிளம்பும் முன், ஒரு திட்டு. மாடிவீட்டில் குடியிருக்கும் டீச்சர், "யோவ்" என்ற முதல் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுவார். அந்தக் கட்டடத்திலேயே அப்பாக்காரன்தான் பொறுமையின் சிகரம் என்பது டீச்சரின் அபிப்பிராயம். படிக்கட்டில் அவனைப் பார்த்தால், "உடம்பைப் பாத்துக்கங்க சார்" என்பார், உடம்பைத் தவிர வேறு எதையோ சொல்கிற மாதிரி.

அம்மாக்காரிக்கு ஒரே ஓர் உறுத்தல். இந்தத் திட்டெல்லாம் பெண்ணுக்காகத்தான் என்று அவள் புருஷனிடம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாசற்படியில் நாலு வாக்கியத்துக்கு மேல் இடம் ஏது? அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அவனும் தலையைக் குனிந்தபடி டம்ளரைப் பொறுக்குவானே தவிர, ஒரு தரம்கூடக் கண்ணடித்ததில்லை. போதாக்குறைக்கு, திட்டு என்று கிளம்பினால் பொய்யோடு மெய்யும் ஏறிக்கொள்ளும். சில நாள் அவள் சொன்னதெல்லாம் நிஜம்.

இப்போது சிரிக்க ஆள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். விடுதலை. அவளுக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை. "ஆமா, நல்லொழுக்கம்னு தண்டனையக் கொறச்சுட்டாங்க," என்று ஒருத்தியிடம் அம்மாக்காரி சொல்லிவிட்டாள். வந்தவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். கோபம் அவளுக்கு அந்த வார்த்தை பொய் என்பதால் இல்லை. நாலாம் நாள் அவள் ஒரே மூச்சாக ஒன்பது மணி நேரம் தூங்கினாள். எழுந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. ஆகா என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் கட்டிலைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்துக்காகத் தன்னை எதால் அடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டில் சத்தம் நின்றுபோனது. அம்மாக்காரி புருஷனை 'வாங்க', 'போங்க', 'சாப்பிடறீங்களா' என்று கேட்க ஆரம்பித்தாள். திட்டாத நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இரண்டாம் வாரம் அவன் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. "பரவாயில்லங்க, நான் எடுத்துக்கறேன்," என்றாள். மறுநாளும் விழுந்தது. அதற்கும் பரவாயில்லை. அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அன்று ராத்திரியே நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அண்ணன் கொஞ்ச நாள் எங்க வீட்ல வந்து இருக்கட்டும். பதினேழு வருஷமா அண்ணனும் எவ்வளவுதான் தாங்கும்?" மகாராணியை அந்த 'எவ்வளவு'க்குள் நாத்தனார் சேர்க்கவில்லை என்பது அம்மாக்காரிக்குப் புரிந்தது. போனை அவனிடம் கொடுத்தாள். அவன், "சரி, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம கெளம்பி வர்றேன்," என்றான். எத்தனை நாளுக்கு என்று நாத்தனாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அப்படியானால் அவனுக்குத் தெரியாது. பதினாலு வருஷத் திட்டையும் நிஜம் என்று எடுத்துக்கொண்டு, பெண்ணுக்காகப் பொறுத்திருந்துவிட்டு, இப்போது கிளம்புகிறான். அம்மாக்காரி சலவைக்கூடத்தில் நாற்பது படுக்கை விரிப்புகளை மடித்தபடி இதையே மடித்து மடித்துப் பார்த்தாள். கேட்டுவிடலாம். ஆனால், 'நெசம்னுதான் நெனச்சேன்' என்று அவன் சொல்லிவிட்டால்?

இந்த நிலைமையில்தான் கடிதம் வந்தது. மகாராணியின் சக்கர நாற்காலி இரவல். கொடுத்த அலுவலகம் திருப்பிக் கேட்டது. பெற்றோர் இருவரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை இருவரும் வேலைக்கு லீவு சொன்னார்கள்.

இரண்டு பேரும் ஒன்றாக வெளியே போவது மகாராணியையும் கூட்டிக்கொண்டு போகிற நாட்களில் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு தரம் இதே அலுவலகத்துக்கு, இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை என்று நிரூபிக்க. மற்ற நாளெல்லாம் யாராவது ஒருவர் உள்ளே இருப்பார், மணியடித்தால் போதும். ஆகவே வீட்டுச் சாவியை இருவரும் கையில் வைத்துக்கொள்வதில்லை. அது நாற்காலியின் முதுகுப்பக்கப் பையில், எச்சில் துடைக்கும் துண்டுக்கும் ஊட்டும் ஊசிக்குழலுக்கும் நடுவில் கிடக்கும். அப்பாக்காரன் கதவைப் பூட்டினான். சாவியைப் பையில் போட்டான். அவள் ஜிப்பை இழுத்தாள்.

காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவில் போனார்கள். நடைபாதையில் கல் பெயர்ந்த இடம் வந்ததும் அம்மாக்காரி, "மேடு வருதுடி," என்றாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவன் கேட்காத மாதிரி வேகத்தைக் குறைத்து, முன்சக்கரத்தைத் தூக்கி, மெல்ல இறக்கினான்.

பாதி வழியில் அவள் முழங்கால் மக்கர் செய்தது. "உக்காரு," என்றான். "நல்லாருக்காது," என்றாள். நாலு அடி நடந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் தள்ளினான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் உலகம் பூராவும் இடுப்பும் பைகளுமாக இருந்தது. பெண்ணுக்கு இதுகூடத் தெரிந்திருக்காது. சிக்னலில் ஒரு பெண்மணி அம்மாக்காரியை உருகிப் பார்த்துவிட்டு, அவள் தலைக்கு மேலாக அப்பாக்காரனிடம் கேட்டார்.

"இவங்களுக்குப் பேச்சு வருமா?"

"முன்னெல்லாம் நல்லா வரும்," என்றான் அவன். "மூணு வாரமா வரல."

குத்துகிறான் என்று அம்மாக்காரி நினைத்தாள். வேறு நாளாக இருந்தால் சிக்னலிலேயே பிடித்திருப்பாள். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கு பச்சையாவதைப் பார்த்தாள்.

அலுவலகத்தில் படிவம் நீட்டிய குமாஸ்தா, வருஷா வருஷம் 'முன்னேற்றம் ஏதும் உண்டா' என்று கேட்ட அதே ஆள். திருப்பித் தரும் காரணம் என்று ஒரு வரி. அதில் மூன்றே கட்டங்கள். அளவு பொருந்தவில்லை, பழுது, குணமடைந்தார்.

"இறந்துட்டாங்கன்னு கட்டமே இல்லையா?" என்றாள்.

"அதுக்குத் தனிப் படிவம் வரப்போகுதுன்னு சொல்லிக்கிட்டிருக்காங்கம்மா. வரல."

"குணமடைந்தார்னு போடுங்க. மூணு வாரமா ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல."

குமாஸ்தா பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்பாக்காரனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், உதடு மட்டும் ஒரு பக்கம் இழுத்தது. கட்டத்தில் டிக் விழுந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஓர் ஆள் வந்து நாற்காலியை மடக்காமலே பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அதன் இடது சக்கரம் எப்போதும் போலக் கீச்சிட்டது. எண்ணெய் விட்டிருக்கலாம் என்று அப்பாக்காரன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

திரும்பி வரும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நாலு கைகளும் தொங்கின. அவன் முன்னால் போய்விடுவான், நின்றுகொள்வான். அவள் வந்து சேருவாள், மறுபடி போய்விடுவான். நாற்காலி இல்லாமல் சேர்ந்து நடந்து இருவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அப்பாக்காரன் மணியை அடித்தான்.

இருவரும் நின்றார்கள். உள்ளே மணி அடித்து ஓய்ந்தது. அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். கதவு திறக்கவில்லை. அவன் இன்னொரு தரம் அடித்தான். உள்ளே இருப்பவர் மகாராணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தால் வர நேரமாகும், அது இருவருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அவசரப்படாமல் காத்திருந்தார்கள்.

முதலில் அம்மாக்காரிக்குத்தான் உறைத்தது.

"யாருங்க தொறப்பாங்க?" என்றாள்.

அவன் விரல் மணியின் மேலேயே இருந்தது. இன்னொரு கையால் சட்டைப் பையைத் தடவினான். கால்சட்டைப் பையைத் தடவினான்.

"சாவி எங்க?"

"அவகிட்டதான்," என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரிந்தது. "நாற்காலிப் பையில."

அம்மாக்காரி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"யோவ், மெக்கானிக்கு."

மாடியில் டீச்சர் ஜன்னலைச் சாத்தினார்.

"ஊர்ல ஓடற பஸ்ஸுக்கெல்லாம் பிரேக் பாக்கத் தெரியுது, சொந்த வீட்டுச் சாவியப் பாக்கத் தெரியல. மண்டைக்குள்ள மூளை இருக்கா, இல்ல அங்கயும் கிரீஸ அடைச்சு வச்சிருக்கியா? நாற்காலிய ஒப்படைச்சிட்டு வாடான்னா, வீட்டையே சேத்து ஒப்படைச்சிட்டு வந்து நிக்கற. நல்ல வேள, என்னையும் அந்தப் பையில போட்டு அனுப்பல. மணி அடிக்கறான் மணி. ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம். உள்ள யாரு உன் பாட்டனா உக்காந்திருக்கான் வந்து தொறக்க? செருப்ப வேற கழட்டி வச்சிட்டான், மாப்பிள்ள மாதிரி. உன் வம்சத்துலயே ஒருத்தனுக்காவது கதவத் தொறக்கத் தெரிஞ்சிருக்கா? உன்னைக் கட்டிக்கிட்டு நான் எப்படித்தான் இத்தன வருஷம் குப்ப கொட்டினேனோ..."

நின்றுவிட்டாள். அடுத்து வர வேண்டியது அந்தக் கடைசி வார்த்தை. அது மகாராணி சிரிக்கும் இடம். சொல்லிவிட்டால் உள்ளேயிருந்து சத்தம் வராது என்பது உறுதியாகிவிடும். சொல்லாத வரைக்கும் வரலாம். அப்படி ஒரு மடத்தனமான கணக்கு அவளுக்குள் ஓடியது.

அப்பாக்காரன் தலையைக் குனிந்தபடி, வழக்கமான கோணத்தில், பூட்டிய கதவின் பக்கம் காதைக் கொடுத்து நின்றிருந்தான்.

"எருமைமாடு பாக்கி," என்றான்.

"என்ன?"

"எருமைமாட்ட விட்டுட்ட. அது வந்தாத்தான் சிரிப்பா."

அம்மாக்காரி படிக்கட்டில் உட்கார்ந்தாள். முழங்கால் காரணம் இல்லை.

"அப்ப தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"அவளுக்காகத்தான் திட்டினேன்னு."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பழுது என்று வந்த வண்டியில் பழுதே இல்லாமல் போனால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். "இருபது வருஷமா பிரேக் பாக்கறேன். ஒரு நட்டக் கீழ விட்டதில்ல. கை நழுவறவன டிப்போல வச்சிருப்பாங்களா? வீட்ல மட்டும் தெனம் ஒரு டம்ளர் எப்படி விழுந்துச்சுன்னு நெனச்ச?"

அவள் அதை யோசித்ததே இல்லை. பதினாலு வருஷமாக, தினம் புதுசு புதுசாகக் காரணம் கிடைக்கிறதே, இந்த மனுஷன் எவ்வளவு வசதியாகத் தப்புப் பண்ணுகிறான் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள்.

"கட்டில்மேல ஈரத்துண்டு?"

"வேணும்னேதான்."

"கிரீஸ் கையோட சுவத்தத் தொட்டது?"

"அதுவும்."

"என் தங்கச்சி கல்யாணத்தன்னிக்குத் தூங்கிப்போனது?"

"அது தூக்கம்."

"சாவி?"

"சாவி சத்தியமா மறந்துட்டேன்." அவன் அவள் பக்கத்தில், ஒரு படி கீழே உட்கார்ந்தான். வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன வாரம் ரெண்டு நாள் டம்ளரப் போட்டுப் பாத்தேன். பரவாயில்லங்கன்னு சொல்லிட்ட. நீ என்னை ங்க போட்டு இத்தன நாள் பேசினதே இல்ல. சரி, அவளே போயிட்டா, இனி இவன் மூஞ்சிய வேற எதுக்குப் பாக்கணும்னு உனக்கு இருக்கு போலன்னு நெனச்சேன். அதான் தங்கச்சிகிட்ட வர்றேன்னு சொன்னேன்."

அம்மாக்காரி அழுதாள். மூன்று வாரமாக வந்தவர்கள் எல்லாரும் அவள் அழுவாள் என்று காத்திருந்துவிட்டுப் போயிருந்தார்கள், இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதாள். அவன் தோளைத் தொடலாமா என்று கையைத் தூக்கிவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முழங்காலில் வைத்தான். மகாராணியின் காலைப் பிடித்துவிடுகிற அதே அழுத்தத்தில் பிடித்துவிட்டான். அவனும் அழுதுகொண்டிருந்தான், சத்தமில்லாமல். சத்தம் அந்த வீட்டில் அவன் இலாகா இல்லை.

பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டான். "ஆபீசு நாலு மணி வரைக்கும் இருக்கும். நீ இரு, நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"எங்க இருக்கறது?" என்றாள். "எதுக்கு இருக்கறது?"

உள்ளே ஒருவர் இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. திருப்பிப் போட ஆள் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விடுதலை என்று எல்லாரும் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. இவ்வளவு கனமான ஒன்றை இவர்கள் இதுவரை தூக்கியதில்லை.

"ஞாயித்துக்கெழம?" என்று கேட்டாள்.

"லீவு கெடைக்கலன்னு சொல்லிடறேன்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பூட்டிய கதவைப் பார்த்தபடி, தெருமுனை வரை கேட்கிற குரலில், பாக்கி இருந்ததைச் சொன்னாள்.

"எருமைமாடு."

இருவரும் நின்று கேட்டார்கள். முதலில் விக்கல் வரும், பிறகு தோள் குலுங்கும், பிறகு தொண்டை. அதற்கு ஆகும் நேரம் எவ்வளவு என்று இருவருக்கும் அத்துப்படி. அவ்வளவு நேரமும் நின்றார்கள். அதற்கு மேலும் கொஞ்சம் நின்றார்கள். மாடியில் டீச்சர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"நட," என்றாள் அம்மாக்காரி. "அந்த நாற்காலிய சாவியோட வேற யாருக்காவது குடுத்துடப் போறான். எண்ணெய் டப்பாவும் வாங்கிக்க. அந்த எடது சக்கரம் கீச்சுகீச்சுங்குது."